மூன்று செடிகளைச் சாகடித்த பிறகு கேட்கிறேன்: எந்த தைம் வாங்குவது?

தொட்டிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடத்தில் மூன்று தைம் செடிகள் (சமையலில் வாசத்துக்குப் போடும் மூலிகை) என் கையால் போய்ச் சேர்ந்தன. முதலாவது மஞ்சளாகிச் சாய்ந்தது. இரண்டாவது பச்சையாக நிற்கும்போதே மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது, தொட்டபோது இலை உதிர்ந்த பிறகுதான் செத்திருக்கிறது என்றே தெரிந்தது. மூன்றாவது சாகவில்லை, ஆனால் சன்னலோரத்தில் ஒல்லியாக நீண்டு, இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, மணமும் இல்லாமல் நின்றது. அதை நானே பிடுங்கிப் போட்டேன்.

இந்தத் தடவையாவது விவரம் தெரிந்து வாங்கலாம் என்று தேடினால் பெயர்கள் முடிவதாக இல்லை. ஆங்கில தைம், பிரெஞ்சு தைம், ஜெர்மன் தைம், எலுமிச்சை தைம், படர் தைம், கம்பளி தைம், வெள்ளி, தங்கம்... ஐந்து தொட்டிக்கு இடம் இருக்கிறது, காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை நேர் வெயில். சமையலுக்கு வேண்டும், ஒன்றிரண்டு அழகுக்கு இருந்தாலும் சரி. எதை வாங்கலாம்?

கூழாங்கல்:
வகையை அப்புறம் பார்ப்போம். தொட்டியில் என்ன போட்டீர்கள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றினீர்கள், அதைச் சொல்லுங்கள்.

தொட்டிக்காரி:
தென்னைநார்க் கழிவு பாதி, மண்புழு உரம் பாதி. அடியில் தண்ணீர் வடிய இரண்டு அங்குலத்துக்கு ஓட்டுச்சில். தினமும் காலையில் தண்ணீர். தக்காளிக்கும் இதே கலவைதான், அது காய்த்துத் தள்ளுகிறது.

கூழாங்கல்:
அதேதான். தக்காளிக்குப் போடும் விருந்தை தைமுக்குப் போட்டிருக்கிறீர்கள். இது மத்தியதரைக் கடலோரத்துச் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வளரும் புதர். கோடையில் மழையே இல்லாத இடம், மண்ணில் சத்தும் இல்லை. அங்கே ஆடு கடித்தும் பிழைத்துக் கிடப்பதை நீங்கள் மடியில் வைத்து ஊட்டினால் அது என்ன செய்யும்? வேர் மூச்சுத் திணறி அழுகும். மஞ்சளாகிச் சாய்ந்தது அதனால்தான். பச்சையாகவே காய்ந்த இரண்டாவது செடிக்கும் பெரும்பாலும் அதே கதைதான். வேர் முதலில் செத்துவிடும், மேலே இருக்கும் சின்னச் சின்னத் தடித்த இலைகள் அந்தச் செய்தி தெரியாமல் ஒரு வாரம் பச்சையாகவே இருக்கும். பார்ப்பவர் காய்கிறதே என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். அத்தோடு கதை முடிந்தது.

அந்த ஓட்டுச்சில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். அடியில் கல் அடுக்கினால் வடிகால் அதிகமாகாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது, மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டும். அதாவது தேங்கும் ஈரம் தொட்டியின் அடியில் இருப்பதற்குப் பதிலாக இரண்டு அங்குலம் மேலே ஏறி வேர்ப்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓட்டையை மூட ஒரு சில் போதும். கல் போட வேண்டிய இடம் கலவைக்கு உள்ளே.

நான் போடுவது: சாதாரணத் தொட்டிக் கலவை பாதி, இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் வரை உள்ள பொடிக் கல் பாதி. பொடிக் கல் கிடைக்காவிட்டால் பெர்லைட், அதாவது தொட்டிக் கலவையில் சேர்க்கும் இலேசான வெள்ளைத் துகள். கட்டடம் கட்டும் நைசான மணல் மட்டும் வேண்டாம், அது இடைவெளிகளை அடைத்துக்கொண்டு கலவையை இறுக்கிவிடும். மேலே ஒரு விரல் கனத்துக்குச் சரளை. செடியின் கழுத்துப் பகுதி உலர்ந்தே இருக்க வேண்டும். சுட்ட மண் தொட்டியாக இருந்தால் நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் போகும்.

வேம்பன்:
கூழாங்கல் அண்ணன் சொன்னதில் கல் அளவைத் தவிர எல்லாம் சரி :) பாதிக்குப் பாதி எல்லா ஊருக்கும் பொருந்தாது. காற்று வறண்டு, வெயில் கொளுத்தும் இடத்தில் அந்தக் கலவை அரை நாளில் காய்ந்துவிடும். நான் மூன்றில் ஒரு பங்குதான் கல் போடுகிறேன்.

கூழாங்கல்:
ஒத்துக்கொள்கிறேன். பாதி என்பது கை சும்மா இராமல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு. பாசக்காரர்களுக்கான கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலன்:
நான் இருக்கும் இடத்தில் வருடத்தில் பாதி நாள் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். குளிர் தைமைக் கொல்வதைவிட ஈரம் கொல்வதுதான் அதிகம், குளிரோடு ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெயிலும் ஈரக் காற்றும் சேர்ந்தால் நடுவில் அடர்ந்திருக்கும் தண்டுகள் கறுத்து, சாம்பல் பூஞ்சை பிடித்து, பிரித்துப் பார்க்கும்போது உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது. மழை நேராக விழாதபடி கூரை விளிம்புக்குக் கீழே வைக்கிறேன், ஆனால் காற்று வர வேண்டும். தொட்டிகளை ஒட்டி வைப்பதில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் நடுவில் இருக்கும் தண்டுகளில் சிலவற்றை வெட்டிக் காற்றோட்டம் விடுகிறேன்.

தண்ணீருக்கு நாள் கணக்கே வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் அடியில் ஒழுகும்வரை ஊற்றிவிட்டு மறுபடி மறந்துவிடுங்கள். இரண்டு வாரம் செய்தால் கைக்கே பழகிவிடும்.

தொட்டிக்காரி:
சரி, மண் பாடம் படித்தாயிற்று, திட்டும் வாங்கியாயிற்று. இப்போதாவது வகையைச் சொல்லுங்களேன்.

நார்த்தங்காய்:
நான் சொல்கிறேன். பெயர்ப் பலகையைப் பார்க்காமல் இலையைக் கசக்கி முகர்ந்து வாங்குங்கள். நர்சரிக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. தைம் விஷயத்தில் பலகைகள் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஓர் இடத்தில் ஆங்கில தைம் என்று விற்பது இன்னோர் இடத்தில் வெறும் தோட்டத் தைம். வெள்ளை விளிம்பு வைத்த இலை இருந்தால் சில்வர் என்று ஏதாவது எழுதியிருக்கும், ஆனால் சில்வர் போசி என்பது சாதாரண தைம் மணம், சில்வர் குவீன் என்பது எலுமிச்சை மணம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. மூக்குக்குத் தெரியும்.

சமையலுக்கு என்றால் இரண்டு போதும். ஒன்று சாதாரண தைம், அதாவது தைமஸ் வல்காரிஸ். இதில் பிரெஞ்சு என்று சொல்வது இலை ஒடுங்கி, சாம்பல் பூத்த பச்சையாக, கொஞ்சம் இனிப்புச் சாயலோடு இருக்கும். ஆங்கிலம் என்று சொல்வது சற்று அகல இலை, கரும்பச்சை, உறைப்பு. ஜெர்மன் அல்லது குளிர்காலத் தைம் என்று வருவது குளிரைத் தாங்கத் தேர்ந்தெடுத்தது. மூன்றும் ஒரே இனம்தான், சண்டை போட வேண்டாம். இன்னொன்று எலுமிச்சை தைம். மீன் சமைப்பவர் வீட்டில் இது இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் இதை அடுப்பில் நேரம் வைத்தால் எலுமிச்சை வாசம் ஓடிவிடும், இறக்கும் முன் போட வேண்டும். சாதாரண தைம் நேர்மாறு, ஆரம்பத்திலேயே போட்டு மெல்ல வேகவிட்டால்தான் மணம் இறங்கும்.

செம்பருத்தி:
ஒரு சந்தேகம். தைம் என்பது நம்ம ஓமவல்லிதானே? கற்பூரவல்லி என்பார்களே, தடித்த இலை, வெல்வெட் மாதிரி. மணம் அப்படியே இருக்கிறது. அதற்கு இவ்வளவு பாடா? அது குச்சியைக் குத்தி வைத்தாலே வருமே!

ஆய்வகப்பூனை:
குழம்புவதில் தப்பில்லை, ஆங்கிலத்திலும் கற்பூரவல்லியை ஸ்பானிஷ் தைம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது வேறு செடி. தைமும் கற்பூரவல்லியும் துளசிக் குடும்பம், அந்த அளவுக்கு உறவு. ஓமமோ கொத்தமல்லிக் குடும்பம், உறவே இல்லை. மூன்றும் ஒரே மாதிரி மணப்பதற்குக் காரணம் தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு பொருள்கள். ஒரே வாய்பாடு, அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் கொஞ்சம் வேறு. தைமாலைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1719இல், காஸ்பர் நியூமன் என்ற ஜெர்மன் வேதியியலாளர். வாய் கொப்பளிக்கும் லிஸ்டரினில் மூக்கைத் துளைக்கும் வாசங்களில் இதுவும் ஒன்று.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தைமஸ் வல்காரிஸ் என்ற ஒரே இனத்துக்குள்ளேயே, பார்வைக்கு ஒன்று போலிருக்கும் செடிகளில், எண்ணெய் மட்டும் ஆளுக்கொரு விதம். தென் பிரான்சில் ஆறு வேதிவகைகள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். தைமால், கார்வக்ரால் இரண்டும் உறைப்பானவை. லினலூல், ஜெரானியால், டெர்பினியால், துஜனால் நான்கும் மென்மையானவை, பூ மணம், எலுமிச்சைச் சாயல் என்று போகும். மோன்பெலியே நகரத்துக்கு வடக்கே சான் மார்த்தான் த லோந்த்ர என்று ஒரு பள்ளம் இருக்கிறது. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். பள்ளத்துக்குள் மென்மை வகைகள், சுற்றிலும் வெயில் சரிவில் உறைப்பு வகைகள், நடுவில் சில நூறு மீட்டர்தான். உறைப்பு வகைகள் குளிர்காலத் தொடக்கத்தில் வரும் கடும் உறைபனியைத் தாங்குவதில்லை, மென்மை வகைகள் கோடை வறட்சியில் பின்தங்குகின்றன. சமீப காலத்தில் கடும் குளிர் குறைய, முன்பு மென்மை வகை மட்டுமே இருந்த இடங்களுக்குள் உறைப்பு வகை இறங்க ஆரம்பித்திருக்கிறது. செடியை முகர்ந்தே பருவநிலை மாறுவதைச் சொல்லலாம் போலிருக்கிறது.

கூழாங்கல்:
பூனையார் வகுப்பு எடுத்தால் எனக்கும் பிடிக்கும், ஆனால் கேள்வி கேட்டவருக்கு ஐந்து தொட்டி.

ஆய்வகப்பூனை:
அதற்குத்தான் வருகிறேன்! விதையிலிருந்து வளர்த்தால் ஒவ்வொரு நாற்றும் மணத்தில் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஒரே மணம் வேண்டும் என்றால் குச்சியிலிருந்து வந்த செடியை வாங்க வேண்டும். நார்த்தங்காய் சொல்லும் எலுமிச்சை தைம், வெள்ளி, தங்க வகைகள் எல்லாம் விதையில் தாயைப் போல வராது.

வேம்பன்:
விதையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் சார். எனக்கு அந்த மாறுதல்தான் பிடிக்கும். ஒரு தட்டில் நாற்பது நாற்று முளைக்கவிட்டு, விரல் உயரம் வந்ததும் ஒவ்வொன்றாகக் கிள்ளி முகர்ந்து, மூக்குக்குப் பிடித்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்வேன். அப்புறம் அந்த இரண்டிலிருந்து குச்சி எடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

விதை தூசி மாதிரி இருக்கும், கிராமுக்குச் சில ஆயிரம். மண்ணால் மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஈரக் கலவையின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அமுக்கிவிட்டு, தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டின் அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். பதினைந்து முதல் இருபது டிகிரி சுற்றில் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சை தெரியும். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஒரு மாதம் இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். முதல் வருடம் அறுவடை என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

தொட்டிக்காரி:
நாற்பது நாற்றை முகர்ந்தால் எனக்குத் தும்மல்தான் வரும். ஆனாலும் ஆசையாக இருக்கிறது. அழகுக்கு எது?

பாதசாரி:
படர் தைமைப் பற்றி யாரும் பேசவில்லையே. நடைபாதைக் கல் இடுக்கில் ஆறு வருடமாக வளர்க்கிறேன். தைமஸ் செர்பில்லம், தைமஸ் ப்ரேகாக்ஸ் இரண்டும்தான் இதில் முக்கியம். சில வகை ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாது. பூத்தால் தரையே ஊதா. கோக்சினியஸ் என்றால் கருஞ்சிவப்புச் சாயல். எல்ஃபின் என்று ஒன்று, குட்டிப் பந்து மாதிரி இறுகி இருக்கும், வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும், அவசரக்காரர்களுக்கு ஆகாது.

கம்பளி தைம் பார்க்க மெத்து மெத்தென்று ஆசை காட்டும். இலை முழுக்க நரை முடி. மணம் இல்லை என்றே சொல்லலாம், பூவும் கொஞ்சம். அந்த முடியில் தண்ணீர் நின்றால் அழுகும், மழைக்காலன் மாதிரி ஆட்கள் கிட்டேயே போகக் கூடாது. வறண்ட இடத்தில் கல் மேல் வழியவிட்டால் அதன் அழகே தனி.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், புல்தரைக்குப் பதிலாக தைம் தரை போடலாம் என்று படங்கள் சுற்றுகின்றன. இங்கிலாந்தின் சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில் எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் போட்ட தைம் தரை பெயர் பெற்றது. ஆனால் அது வேடிக்கை பார்ப்பதற்கு, பந்து விளையாடுவதற்கு அல்ல. எப்போதாவது மிதித்தால் மணக்கும், தினமும் மிதித்தால் வழுக்கை விழும். பதினைந்து இருபது சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று நட வேண்டும், மூடும்வரை களையை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். புல் மட்டும் உள்ளே நுழைந்துவிட்டால், வேரோடு வேராகப் பின்னிக்கொண்டால், பிறகு உங்களுக்கு அதுவே வேலை. முதல் இரண்டு வருடம் என் முதுகைக் கேளுங்கள்.

உறைபனி:
பாதசாரி சொல்வது உண்மை. உயரமாகப் புல் வந்தால் தைமும் போகும், அதோடு வேறு சிலதும் போகும். பெருநீலம் என்ற பட்டாம்பூச்சி தைம் பூவில் முட்டை வைக்கும். புழு சில வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும், ஒருவகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துக் கூட்டுக்குத் தூக்கிப் போகும், உள்ளே போனதும் இது எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும். பிரிட்டனில் மேய்ச்சல் குறைந்து புல் உயர்ந்ததும் தரை குளிர்ந்தது, அந்த எறும்பு அங்கே இருக்க முடியாமல் போனது, 1979இல் பட்டாம்பூச்சி பிரிட்டனிலேயே அற்றுப் போனது. காரணம் புரிந்த பிறகு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்வீடனிலிருந்து புழுக்களை எடுத்து வந்து விட்டார்கள். தைம் எவ்வளவு சூடான, குட்டையான இடத்தை எதிர்பார்க்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

நான் இருப்பது பனி கொட்டும் இடம். சாதாரண தைம் நிலத்தில் இருந்தால் பனிக்கு அடியில் குளிர்காலத்தைத் தாண்டிவிடுகிறது, தொட்டியில் இருந்தால் வேர் எல்லாப் பக்கமும் உறையும். அதனால் சுவரோரமாக, மழை படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்துவேன். வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. தொட்டிக்காரியின் மூன்றாவது செடிக்கு வந்தது வெளிச்சப் பஞ்சம், சன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும் என்றால் விளக்கு போட வேண்டும், பன்னிரண்டு பதினான்கு மணி நேரம். சூடான வறண்ட அறையில் செஞ்சிலந்தியும் வந்துசேரும், இலை முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிறினால் அடியில் திருப்பிப் பாருங்கள்.

நார்த்தங்காய்:
அழகுக்கு என் ஓட்டு டூன் வேலி. கரும்பச்சையில் மஞ்சள் தெளித்த இலை, எலுமிச்சை மணம், குட்டை. பெர்ட்ரம் ஆண்டர்சன் முழு மஞ்சள். இந்த மாதிரி நிற இலை வகைகளில் திடீரென்று ஒரு தண்டு முழுப் பச்சையாகக் கிளம்பும். ஐயோ பாவம் நன்றாக வளர்கிறதே என்று விடாதீர்கள், அடியோடு வெட்டுங்கள். பச்சைக்கு வேகம் அதிகம், கொஞ்ச நாளில் மஞ்சளை விழுங்கிவிடும்.

விளையாட்டாக ஒன்று வேண்டும் என்றால் ஹெர்பா-பரோனா. கோர்சிகா, சார்டினியா தீவுகளின் செடி. கசக்கினால் கேரவே வாசம், அதாவது சீமைச் சோம்பு. தரையோடு வளைந்து படரும், தொட்டி விளிம்பில் வழியும். விருந்தாளிகளிடம் கண்ணை மூடச் சொல்லி முகரக் கொடுங்கள், ஒருவரும் தைம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆய்வகப்பூனை:
ஸ்பெயினின் மாஸ்டிகினாவை விட்டுவிட்டீர்களே, அதில் யூகலிப்டஸ் வாசம். போர்ச்சுகல்லில் காம்போராட்டஸ், பெயரே சொல்லிவிடும், கற்பூரம். சமையலுக்குப் போடுவதைவிட ஜலதோஷத்தில் முகரலாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, இந்த மணப் பேச்சைக் கேட்டுவிட்டு யாராவது தைம் எண்ணெய் வாங்கிச் சொட்டு விட்டுக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். இலை வேறு, செறிந்த எண்ணெய் வேறு, தோலில் பட்டாலே எரியும்.

கூழாங்கல்:
வாங்கும்போது கவனிக்க வேண்டியது, பெரிய கடைகளின் சமையல் பகுதியில் பசுமையாக வழியும் சின்னத் தொட்டிகளை வாங்காதீர்கள். ஒரே தொட்டியில் ஐம்பது நாற்றை நெருக்கி, விளக்கு வெளிச்சத்தில் வேகமாக வளர்த்தது. வாரம் ஒன்றில் கத்தரித்துத் தீர்ப்பதற்குத்தான் அது. நர்சரியில் கொஞ்சம் அழுக்காக, குட்டையாக, அடித்தண்டு கட்டையாகத் தொடங்கியிருப்பதை எடுங்கள். தொட்டியிலிருந்து கழற்றி வேரைப் பாருங்கள், வெள்ளையாக இருக்க வேண்டும். நடும்போது பழைய வேர்க்கட்டியை விரலால் உதிர்த்துவிட்டு நடுங்கள். நர்சரித் தொட்டியில் நிரப்பி வரும் பஞ்சு மாதிரியான கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளேயே விடாது, சுற்றிலும் ஈரம், நடுவில் பாலைவனம்.

தொட்டிக்காரி:
எழுதிக்கொண்டேன். உரம்?

கூழாங்கல்:
வருடத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி. அதுவும் ஞாபகம் வந்தால். தழைச்சத்து கூடினால் தண்டு கொழுகொழுவென்று வந்து மடியும், மணம் குறையும்.

மழைக்காலன்:
உரத்தைவிட வெட்டுதான் முக்கியம். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு, துணிச்சல் இருந்தால் பாதி. ஆனால் இலை இருக்கும் இடத்துக்குக் கீழே போகக் கூடாது, இலையில்லாத பழைய கட்டை துளிர்ப்பது அபூர்வம். வெட்டாமல் விட்டால் மூன்றாம் வருடம் நடுவில் வாய் பிளந்து, ஓரத்தில் மட்டும் பச்சை நிற்கும்.

அப்படி வாய் பிளந்த செடியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். மணலும் பொடிக் கல்லும் கலந்த மண்ணை அதன் நடுவிலேயே கொட்டி, நுனிகள் மட்டும் வெளியே தெரியும்படி மூடிவிடுங்கள். பதியம்தான், ஆனால் மொத்தச் செடிக்கும் ஒரேயடியாக. சில மாதத்தில் ஒவ்வொரு தண்டும் தனி வேர் விட்டிருக்கும், வெட்டிப் பிரித்து நட்டால் ஒன்றுக்குப் பத்து. நான்கைந்து வருடத்துக்கு மேல் ஒரே செடியைப் பிடித்துத் தொங்குவதில் பொருள் இல்லை.

செம்பருத்தி:
பறிப்பது எப்போது? பூத்தால் மணம் போய்விடும் என்கிறார்களே.

நார்த்தங்காய்:
போய்விடாது, பூக்கும் முன் மொட்டு வரும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும், அவ்வளவுதான். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறியுங்கள். தைம் உலர்ந்தாலும் மணம் விடாத செடிகளில் ஒன்று. கொத்தாகக் கட்டி நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, காய்ந்ததும் தண்டை விரலால் தலைகீழாக உருவினால் இலை கொட்டும். முழு இலையாகவே புட்டியில் வையுங்கள், போடும்போது நசுக்கிக்கொள்ளலாம். பூக்களை முழுக்க வெட்டிவிடாமல் ஒரு தொட்டியைத் தேனீக்களுக்கு விடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

தொட்டிக்காரி:
(ஏழு மாதம் கழித்து)
யாருக்காவது என்னை நினைவிருக்கிறதா? கணக்குக் கொடுக்க வந்திருக்கிறேன்.

வாங்கியது: பிரெஞ்சு என்று பலகை போட்ட ஒன்று, எலுமிச்சை தைம், டூன் வேலி, ஹெர்பா-பரோனா. ஐந்தாவது தொட்டிக்கு வேம்பன் பேச்சைக் கேட்டு சாதாரண தைம் விதை. கலவை பாசக்காரர்களுக்கானது, பாதிக்குப் பாதி. முதல் மாதம் தண்ணீர் ஊற்றக் கை துறுதுறுத்தது. தொட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் எனக்கு மணிக்கட்டு வலியே வந்தது, செடி நன்றாக இருந்தது.

பிரெஞ்சு நன்றாக வந்து ஒருமுறை வெட்டி உலர்த்தியும் விட்டேன். எலுமிச்சை தைம் பிரமாதம். டூன் வேலி போய்விட்டது, மழை சாய்வாக அடித்த ஒரு வாரத்தில் நான் வெளியூரில் இருந்தேன், திரும்பி வந்தபோது நடுவில் கறுப்பு. ஹெர்பா-பரோனா உயிரோடு இருக்கிறது, ஆனால் எனக்கு அந்த வாசம் பிடிக்கவே இல்லை, மன்னியுங்கள் நார்த்தங்காய்.

நார்த்தங்காய்:
மன்னிக்க முடியாது. சரி, விதை என்ன ஆயிற்று?

தொட்டிக்காரி:
அதற்குத்தான் வந்தேன். தூவியதில் முப்பத்தொன்று முளைத்தது. இருபது நாள் ஒன்றும் வராமல், தூக்கிக் கொட்டப் போன அன்று பச்சை தெரிந்தது. விரல் உயரம் வந்ததும் கிள்ளி முகர்ந்தேன், தும்மவில்லை. எல்லாம் ஓமம் மாதிரி உறைப்புதான். ஒன்றே ஒன்று மட்டும் வேறு. இலை அதேதான், தண்டு அதேதான், ஆனால் கசக்கினால் உறைப்பே இல்லை, ரோஜாவா எலுமிச்சைத் தோலா என்று சொல்லத் தெரியாத ஒரு வாசம். வீட்டில் நான்கு பேரிடம் கொடுத்தேன், யாரும் மற்றதோடு சேர்த்துச் சொல்லவில்லை. பூனையாரே, இது நீங்கள் சொன்ன அந்தப் பள்ளத்துச் செடியா?

ஆய்வகப்பூனை:
ஆஹா. ஜெரானியால் வகையாக இருக்கலாம், லினலூலாகவும் இருக்கலாம், விதைப் பொட்டலத்தில் வேறு இனத்து விதை கலந்திருக்கவும் வழி உண்டு. மூக்கை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, கருவியில் எண்ணெயை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். இளம் நாற்றின் மணம் வளர்ந்த பிறகு மாறவும் கூடும். ஆனால் எதுவாக இருந்தாலும் அது ஒரே ஒரு செடி, விதையில் அப்படியே திரும்ப வராது. முதலில் குச்சி எடுங்கள், ஆராய்ச்சி அப்புறம்.

வேம்பன்:
சொன்னேன் இல்லையா! பூக்காத நுனிகளாகப் பாருங்கள், ஐந்தாறு சென்டிமீட்டர், ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, அடிப்பாதி இலைகளை உருவிவிட்டு, பெர்லைட் கலந்த ஈரக் கலவையில் குத்துங்கள். நேர் வெயில் வேண்டாம், மூடி போட்டுப் புழுங்கவும் விட வேண்டாம். தாய்ச்செடி சின்னதாக இருப்பதால் ஒரேயடியாக மொட்டையடித்துவிடாதீர்கள், மூன்று நான்கு நுனி போதும்.

தொட்டிக்காரி:
நேற்றே ஐந்து எடுத்துவிட்டேன். வாரம் ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்த்தால் வேர் விட்டதா என்று தெரியும் என்றார்கள்.

கூழாங்கல்:
இழுக்காதீர்கள். நுனியில் புது இலை வந்தால் வேர் வந்திருக்கும்.

தொட்டிக்காரி:
ஒன்றை இன்று காலை ஏற்கெனவே இழுத்துவிட்டேன். நான்கு இருக்கிறது.